தலைக்கு ஒன்றரை ரூபாய்

ஜூன் மாதம் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். கேகாலையில் மழை விட்டிருந்தது. தகரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்திலிருந்து படம் பிடிக்கும் கடைக்கு நூற்று நாற்பத்தாறு அடி எடுத்து வைத்தேன். மேலே ஏற இருபத்திரண்டு படி. பதினேழாவது படி உடைந்திருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. எண்பத்திரண்டு வயதுக்காரன் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்க நினைத்தேன். மேலே போனதும் மூச்சு வாங்கியதில் கேட்காமல் விட்டுவிட்டேன்.

என் கையில் துவாயில் சுற்றி, இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் போட்ட ஒரு சட்டமிட்ட படம் இருந்தது.

பதினெட்டு வாரமாக இந்தத் தொடரை எழுதுகிறேன். ரயிலைப் பற்றி எழுதினேன். தந்தியைப் பற்றி எழுதினேன். நான் வேலை பார்த்த தபால் கந்தோரின் தராசுக்கே ஒரு வாரம் முழுதாகக் கொடுத்தேன். அம்மாவைப் பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

எழுத என்ன இருக்கிறது? எனக்கு ஒரு வயதும் நான்கு மாதமும் ஆனபோது, அடுத்த பிள்ளைப் பேற்றில் அம்மா இறந்துபோனாள். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. அம்மாவுக்கு ஒரு படமும் கிடையாது. அப்போது அவளுக்கு இருபது வயதோ இருபத்தொன்றோ. என் பேத்தியைவிட இளையவள். அதனால் ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

அம்மா படம் இல்லையென்றால் உங்கள் குழந்தைப் படமாவது அனுப்புங்கள் என்று பத்திரிகையிலிருந்து சொன்னார்கள். வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். பூஞ்சணம் பிடித்து ஓரமெல்லாம் தின்றுகொண்டு வருகிறது. அதைச் சுத்தம் பண்ணிப் பிரதி எடுக்கத்தான் போனேன்.

சிரிக்காத குழந்தை

கடையில் கணினிக்கு முன்னால் இருந்தவர் செல்வி. நாற்பத்தைந்து வயதிருக்கும். புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்.

“நீங்க போஸ்ட் மாஸ்டர் ஐயாதானே?” என்றார். “எங்க அக்கா சவூதியிலருந்து போட்ட கடிதமெல்லாம் உங்க கையாலதான் வாங்கினேன். ஒரு நாளாவது சிரிச்சிருப்பீங்களா நீங்க?”

“கந்தோரில் சிரிக்க என்ன இருக்கு?”

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, இயந்திரத்தில் வைத்து, திரையில் கொண்டுவந்தார். உற்றுப் பார்த்தார்.

“இதுலயும் சிரிக்கலயே. அப்பவே ஆரம்பிச்சிட்டீங்க போல.”

சுவரில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பலகை தொங்கியது. பழைய படம் திருத்துவதற்கு, படத்தில் உள்ள ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். படத்துக்கு இவ்வளவு என்று போடாமல் ஆளுக்கு இவ்வளவு என்று ஏன் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு முகமாகத்தானே உட்கார்ந்து பார்க்க வேண்டும், இருபது பேர் நிற்கும் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து ஒரே விலை என்றால் கட்டுமா என்றார் செல்வி. நியாயம்தான். என் படத்தில் நான் ஒருவன்.

ஐந்து கால் முதலாளி

பழைய உருவப் படங்களைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். தபால் கந்தோரில் முப்பத்தேழு வருடம் இருந்தவன் எத்தனை முகங்களைப் பார்த்திருப்பான்? விண்ணப்பங்களில் ஒட்டிய முத்திரை அளவு முகங்கள். அதனாலேயோ என்னவோ, எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருப்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மிகப் பழைய படங்களில் யாரும் சிரிப்பதில்லை. கோபக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடித் தட்டில் ஒளி பதிய நேரம் பிடிக்கும். படக்காரன் எண்ணிக்கொண்டே நிற்பான். ஆறு எண்ணும்வரை ஒரு சிரிப்பைப் பிடித்து வைக்க முடியாது, கோணிவிடும். முறைப்பைப் பிடித்து வைக்கலாம்.

கையை எப்போதும் மேசையிலோ புத்தகத்திலோ ஊன்றியிருப்பார்கள். அது தோரணைக்காக அல்ல, கை நடுங்காமல் இருக்க. தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஒரு இரும்புக் கவட்டை வைப்பார்கள். அது படத்தில் விழாது. ஆனால் அதன் பாதம் விழுந்துவிடும். கேகாலையில் ஒரு கடை முதலாளியின் பாட்டனார் படத்தில் அவருக்கு ஐந்து கால். இரண்டு அவருடையது, மூன்று இரும்பு. அதை நான் எண்ணிச் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்குத் தேநீர் தருவதில்லை.

என் படத்துக்கு வருகிறேன். அகலம் நான்கரை அங்குலம், உயரம் ஆறேகால். ஒளி இடது பக்கத்திலிருந்து வருகிறது. கறுப்புக் கம்பளி போர்த்திய நாற்காலியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது மாதம் இருக்கும். வாய் திறந்திருப்பதால் மூன்று பற்களை எண்ணலாம். முகம் தெளிவு. வலது கை தெளிவு. இடது கை அசைந்து பஞ்சாகிவிட்டது.

தேயிலைத் தோட்டத்தில் மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொள்ளக் கொடுப்பார்களே, அந்தக் கம்பளிதான். அது நாற்காலியின் முதுகில் உயரமாக எழும்பி, மேலே உருண்டு, இரண்டு பக்கமும் சரிந்து கீழே வருகிறது.

குழந்தையின் உச்சந்தலை படத்தின் பாதி உயரத்துக்குக்கூட வரவில்லை. மேலே மூன்றேகால் அங்குலம் வெறும் கம்பளியும் அதற்குப் பின்னால் வெள்ளை வேட்டித் திரையும். இப்படி இடத்தை வீணாக்கியவன் படக்காரனா என்று அறுபது வருடமாகத் திட்டிவந்திருக்கிறேன். தலைக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டால் போதும். தபால் கந்தோரில் ஒரு படம் இப்படி வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

எண்ணிக்கை தவறவில்லை

“பின்னால இருக்கிற இந்தக் கறுப்புத் துணிய எடுத்துறவாங்க?” என்றார் செல்வி. “நல்ல நீலம் போட்டுத் தாறேன். பேப்பர்ல வந்தா பளிச்சுன்னு இருக்கும்.”

சரி என்றுதான் சொன்னேன். அதை மறைத்து எழுதக் கூடாது. சரி என்று சொன்னேன்.

அவர் குழந்தையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். படம் திரையில் பெரிதாகப் பெரிதாக, குழந்தையின் தோள் வந்தது, முழங்கை வந்தது, இடுப்பு வந்தது.

“நிறுத்துங்க.”

“என்னங்க ஐயா?”

குழந்தையின் இடுப்பில், சட்டை மடிப்புக்குப் பக்கத்தில், நான்கு விரல்கள் இருந்தன.

நாற்காலிக் கையின் செதுக்கு வேலை என்று நான் நினைத்திருந்த இடம் அது. நகங்கள் தெரிந்தன. எண்ணினேன். குழந்தையின் வலது கையில் ஐந்து. இடுப்பில் நான்கு. மறுபடி எண்ணினேன். குழந்தைக்கு மூன்றாவது கை கிடையாது.

ஆள்காட்டி விரலில் ஒரு துணிக் கிழி சுற்றியிருந்தது. கொழுந்து எடுக்கும்போது விரல் வெடிக்காமலிருக்கப் பெண்கள் சுற்றிக்கொள்ளும் கிழி. முடிச்சுக்கூடத் தெரிந்தது.

செல்வி வாயில் கை வைத்தார். “ஐயோ, கம்பளிக்குள்ள ஆளு இருக்குங்க ஐயா. புள்ளைய யாரோ மடியில வச்சுக்கிட்டு இருக்காங்க.” கம்பளியின் மேல் உருண்டையை விரலால் சுற்றிக் காட்டினார். “இந்தா, தலை.”

அது நாற்காலியின் முதுகு என்று எண்பது வருடம் நினைத்தேன். கழுத்து இருந்தது. இரண்டு தோள் இருந்தன. ஒரு பக்கம் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது, குழந்தை என்ன செய்கிறது என்று கம்பளிக்குள்ளிருந்து காது கொடுப்பதுபோல.

“யாருங்க ஐயா இது?”

சொன்னேன்.

இந்தப் படத்தைப் பற்றி அப்பா என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலம். ஏன் என்னை மட்டும் தனியாகப் படம் பிடித்தீர்கள் என்று கேட்டேன். “தலைக்கு ஒன்றரை ரூபா கேட்டான்,” என்றார். அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்விட்டார். ஊரிலிருந்த சொந்தக்காரர்களுக்குப் பிள்ளையைக் காட்டப் படம் பிடித்திருக்கிறார்கள். பிள்ளைக்கு மட்டும்தான் காசு இருந்திருக்கிறது. பிள்ளையோ தனியாக உட்காரவில்லை, ஆறு எண்ணும்வரை ஆடாமலும் இருக்கவில்லை. தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆள் தலைக் கணக்கில் வரக் கூடாது.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலையிலிருந்து கூப்பிட்டதும் அம்மா அப்படியே வந்திருப்பாள். படத்தில் விழப் போகாதவளுக்கு விரல் துணியை அவிழ்க்க என்ன அவசியம்?

படக்காரனும் தன் பெட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருப்பான். இரண்டு தலைகள் துணிக்குள் இருந்தன. வெளியே இருந்தது என்னுடையது மட்டும்.

பஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம்

துணியைத் தொட வேண்டாம், பூஞ்சணத்தை மட்டும் எடுங்கள் என்றேன். இரண்டு மணி நேரமாகும் என்றார் செல்வி. இருபத்திரண்டு படி இறங்கி, பஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்தேன்.

கொழும்பிலிருக்கும் மூத்த மகளுக்கு அழைப்பு எடுத்தேன். பதினொரு தடவை மணி அடித்து நின்றது. கனடாவில் இருக்கும் சின்னவளுக்கு அப்போது நடுச்சாமம். பிறகு மூத்தவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: “மீட்டிங். அவசரமா அப்பா?” அவசரம் இல்லை என்று பதில் போட்டேன். எண்பது வருடம் கழித்துத் தெரிந்த ஒன்று எப்படி அவசரமாகும்?

என் மனைவி இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். அவள் போய் ஆறு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது.

கண்டி பஸ் ஏழு போயிற்று. கொழும்பு பஸ் ஒன்பது. பக்கத்தில் ஒருவர் மீன் வைத்த மாலு பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்குத்தான் என் அம்மாவின் விரலைப் பார்த்தேன் என்று அவரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “ஆ, ஓ,” என்றார். பையை எடுத்துக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போய்விட்டார். அவர்மேல் குறை இல்லை.

வந்த முகம்

திரும்பிப் போனபோது செல்வி சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க ஐயா. ஒண்ணு காட்டுறேன். கேக்காம செஞ்சதுக்கு ஏசக் கூடாது.”

திரையில் கம்பளி இல்லை. அந்த இடத்தில் ஒரு பெண் இருந்தாள். மாநிறம், நீள் முகம், மூக்குத்தி, நடு வகிடு. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்க புள்ளப் படத்தையும், இப்ப காலையில கடைக் கெமராவுல விழுந்த உங்க முகத்தையும் குடுத்து, இதுக்கு அம்மா எப்படி இருப்பாங்கன்னு கேட்டேன். கம்ப்யூட்டரே வரைஞ்சு குடுத்திருச்சு. உங்க மூக்கு அப்படியே இருக்குங்க.”

இருந்தது. என் மூக்குதான். நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. எதையும் எண்ணவில்லை. எனக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு திதிக்கும் வெறும் விளக்குக்கு முன்னால் இலை போட்டவன் நான். பக்கத்து வீடுகளில் மாலை போட்ட படங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். இதை இப்படியே பெரிதாக எடுத்துக் கொடுங்கள் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பிறகு வழக்கம்போல எண்ணத் தொடங்கினேன். பெண்ணின் இடது கை குழந்தையின் இடுப்பில் இருந்தது. நான்கு விரல், சரிதான். ஆனால் நகங்கள் சுத்தமாக இருந்தன. துணிக் கிழி இல்லை.

“அந்தக் கிழி எங்கே?”

“அது அழுக்குன்னு நெனச்சு கம்ப்யூட்டர் எடுத்திருச்சு போல.”

“அம்மா,” என்றேன் செல்வியிடம். “இவங்க நல்லாத்தான் இருக்காங்க. ஆனா இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எடுத்திருங்க.”

“நெசமாவா ஐயா?”

“நெசமாத்தான்.”

செல்வி ஒரு விசையைத் தட்டினார். முகம் போயிற்று, கம்பளி வந்தது.

வட்டம்

“அப்ப இந்தக் கறையையாவது எடுக்கவா?” என்றார் செல்வி. “கம்பளிக்கு நடுவுல வட்டமா ஒண்ணு நிக்குது பாருங்க. மத்த எடமெல்லாம் மங்கிப் பழுப்பாயிருச்சு, இது மட்டும் கறுப்பா இருக்கு.”

பார்த்தேன். குழந்தையின் தலைக்கு மேலே, அந்த உருண்டையின் முன்பக்கத்தில், இருபத்தைந்து சத நாணய அளவில் ஒரு வட்டம்.

“இது பொட்டு நின்ன எடங்க ஐயா,” என்றார் அவர். “கண்ணாடி மேல வருசக் கணக்கா குங்குமம் அப்பியிருந்தா, அதுக்குக் கீழ வெளிச்சம் படாது. அந்த எடம் மங்காது. எங்களுக்கு வார செத்தவங்க படத்துல எல்லாம் நெத்தியில இப்படித்தான் நிக்கும். நாங்க தெனம் பாக்கிறதுதானே. ஆனா இதுல நெத்தியில்லாத எடத்துல…”

நிறுத்திவிட்டார்.

எனக்குத் தெரியும் அந்தப் பொட்டை.

என் சிறு வயது முழுவதும், அம்மாவின் திதியன்று அப்பா குளித்துவிட்டு வந்து இந்தப் படத்தின் கண்ணாடியில் குங்குமம் வைப்பார். குழந்தையின் நெற்றியில் வைக்கமாட்டார். அதற்கு மேலே, வெறும் கம்பளியில் வைப்பார். ஒவ்வொரு வருடமும் பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு. அப்பாவுக்குக் கண் பார்வை சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் திதியில் என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். பொட்டு வைப்பது இறந்தவர்கள் படத்துக்கு. படத்திலிருப்பதோ அவள் புருஷன்.

“என்னங்க மாமா இது? உசிரோட இருக்கிற ஆளு படத்துக்குப் பொட்டு வைக்கிறீங்க?” என்றாள். பயந்துபோயிருந்தாள்.

“நான் புள்ளைக்கு வைக்கல,” என்றார் அப்பா.

“பின்ன நாற்காலிக்கா வச்சீங்க?”

வந்திருந்த சொந்தக்காரர்கள் ஐந்து பேர் சிரித்தார்கள். ஆறாவதாகச் சிரித்தவன் நான்.

அவள் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். அப்பா குங்குமச் சிமிழை மூடி மாடத்தில் வைத்தார். அதன் பிறகு அவர் இருந்த ஒன்பது வருடமும் அந்தப் படத்தின் பக்கம் போகவில்லை.

ஏன் அவர் சொல்லவில்லை என்று இந்த மூன்று வாரமாக யோசிக்கிறேன். ‘அதற்குள்ளே உன் அம்மா இருக்கிறாள்’ என்று நான்கு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: ஏன் மூடினீர்கள்? அதற்குப் பதில், ஒன்றரை ரூபாய். அவருக்கு அந்தக் காசு அன்றைக்கு இல்லை. அடுத்த தடவை படக்காரன் வரும்போது இருவராகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அடுத்த தடவை படக்காரன் வந்தபோது அம்மா இல்லை.

பற்றுச்சீட்டு

“வட்டத்தைத் தொட வேண்டாம்,” என்றேன். “கம்பளியையும் தொட வேண்டாம். விரலையும் தொட வேண்டாம்.”

“அப்ப நான் என்னத்தத்தான் செய்யிறது ஐயா?”

“பிள்ளையை என்ன வேணும்னாலும் செய்யுங்க.”

செல்வி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சிரித்தார்.

கடை முதலாளி நிமல் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர். திரையைப் பார்த்தார். “எக்கெனாய்,” என்று சொல்லிக்கொண்டே ஒருவர் என்று எழுதப் போனார்.

“தென்னெக்,” என்றேன். இரண்டு பேர்.

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். “கோ மாத்தயா, அனித் எக்கெனா?” மற்றவர் எங்கே?

வட்டத்தில் விரலை வைத்தேன். செல்வி அவரிடம் சிங்களத்தில் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். நிமல் பேனாவை மூடினார். முகம் தெரியாதவருக்குக் காசு எடுக்கும் வழக்கம் தன் கடையில் இல்லை என்றார். அந்த அம்மாவுக்குத் தான் இனாமாகச் செய்ததாக இருக்கட்டும் என்றார்.

மனதாரத்தான் சொன்னார். ஆனாலும் முடியாது என்றேன். இனாம் என்றால் கணக்கில் வராது, ஏற்கெனவே ஒரு தடவை கணக்கில் வராமல் போனவள், இந்தத் தடவை எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. வாசலில் அடையாள அட்டைப் படத்துக்குக் காத்திருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நிமல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். அந்தச் சீட்டு இப்போது என் மேசையில், படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடியில், பழைய வட்டத்தின்மேல், நேற்றுக் காலை குங்குமம் வைத்தேன்.

சீட்டில் உள்ளபடி: ஆட்கள் இரண்டு. மூவாயிரம் ரூபாய்.